கொடைக்கானலில் காற்று எவ்வளவு 'ஆடுகிறது'? ட்ரோன் விட்டு அளக்க முடியுமா?

கொடைக்கானலுக்கு டூர் போகிறவர்கள் பலர் காலை பத்து மணிக்குத்தான் ரூமை விட்டு வெளியே வருவார்கள். டிபன், ஏரி, சைக்கிள், கோக்கர்ஸ் வாக் என்று அவர்களுடைய நாள் அப்போதுதான் தொடங்கும். அதே ஊரில் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கோ, அன்றைய நல்ல நேரம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும்.

மதியம் மேகம் ஏறிவிடும் என்பது ஒரு காரணம். ஆனால் மேகமே இல்லாமல் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தாலும், வெயில் ஏற ஏற தொலைநோக்கியில் தெரியும் சூரியன் நடுங்க ஆரம்பித்துவிடும். சூரியப் புள்ளிகளின் விளிம்பு கலங்கும். படம் ஒரு கணம் தெளிவாகும், அடுத்த கணம் மங்கும். கேமராவிலும் லென்ஸிலும் தப்பு எதுவும் இல்லை. நடுவில் இருக்கும் காற்றுதான் காரணம்.

இதைத்தான் விஞ்ஞானிகள் 'ஒளியியல் கொந்தளிப்பு' என்கிறார்கள். சூரியனைப் படம்பிடிப்பவர்களுக்கும், லேசர் மூலம் இன்டர்நெட் அனுப்புபவர்களுக்கும் இது பொதுவான தலைவலி. இந்தக் கொந்தளிப்பை எந்த உயரத்தில், எவ்வளவு என்று துல்லியமாக அளக்க உலகின் சில இடங்களில் இப்போது ஆளில்லாக் குட்டி விமானங்களும் ட்ரோன்களும் பறக்கவிடப்படுகின்றன. அது எப்படி வேலை செய்கிறது? 125 வயதைத் தாண்டிய கொடைக்கானல் ஆய்வகத்துக்கு அது எந்த வகையில் உதவும்?

கண்ணுக்குத் தெரியாத காற்று படத்தை எப்படிக் கெடுக்கிறது?

வெயில் காலத்தில் பைபாஸ் ரோட்டில் போகும்போது, தூரத்தில் தார்ச்சாலை தண்ணீர் மாதிரி பளபளத்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தோசைக்கல்லுக்கு மேலே பார்த்தால் பின்னால் இருக்கும் சுவர் நெளியும். இரண்டிலும் நடப்பது ஒன்றேதான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கொஞ்சம் வளைகிறது. காற்று கலங்கிக்கொண்டே இருப்பதால் அந்த வளைவும் நொடிக்கு நூறு தடவை மாறிக்கொண்டே இருக்கிறது.

நட்சத்திரங்கள் கண் சிமிட்டுவதும் இதனால்தான்.

இதற்குப் பெரிய வெப்ப வித்தியாசமெல்லாம் தேவையில்லை. கொடைக்கானல் உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில், வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத்தான் தெரியும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு காற்றுத் திட்டு பக்கத்துக் காற்றைவிட வெறும் 0.1 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடந்து வரும் ஒளிக்கும், பக்கத்தில் வரும் ஒளிக்கும் இடையே சுமார் 0.7 மைக்ரான் பாதை வித்தியாசம் வந்துவிடும். பச்சை ஒளியின் ஓர் அலைநீளமே சுமார் 0.5 மைக்ரான்தான். அதாவது, உடம்புக்குத் தெரியவே தெரியாத ஒரு வெப்ப வித்தியாசம், ஓர் அலைக்கும் அதிகமாக ஒளியைப் பிசகச் செய்துவிடுகிறது.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை இது பெரிய அடி.

எவ்வளவு பெரிய அடி?

வானியலில் கோணத்தை 'ஆர்க் செகண்ட்' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு டிகிரியை 3,600 துண்டுகளாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. ஒரு பத்து ரூபாய் நாணயத்தை ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு சின்னதாகத் தெரியுமோ, அதுதான் ஒரு ஆர்க் செகண்ட். சூரியப் பரப்பில் அது சுமார் 725 கிலோமீட்டர்.

கொடைக்கானலில் இருக்கும் டவர் தொலைநோக்கியின் லென்ஸ் 38 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. காற்றே இல்லை என்றால், சூரியனில் சுமார் 240 கிலோமீட்டர் அளவுள்ள விஷயங்களை அது பிரித்துக் காட்டும்.

ஆனால் காற்று இருக்கிறதே. கொந்தளிப்பின் விளைவை 'ஃபிரீட் அளவு' என்ற எண்ணால் சொல்வது வழக்கம். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஃபிரீட் 1960-களில் கொடுத்த அளவுகோல் இது. ஓர் இடத்தில் அந்த அளவு 5 சென்டிமீட்டர் என்றால், அங்கே எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்தாலும் படத்தின் நுணுக்கம் 5 சென்டிமீட்டர் லென்ஸில் கிடைப்பதுதான். சூரியப் பரப்பில் அது சுமார் 1,500 கிலோமீட்டர்.

சூரியப் பரப்பில் கொதிக்கும் கஞ்சிப் பானையில் எழும் குமிழிகள் போல 'கிரானுல்' என்ற அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 1,000 கிலோமீட்டர் அகலம். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் அளவுக்கு. மேலே சொன்ன 5 சென்டிமீட்டர் நிலவரத்தில் இந்தக் குமிழிகள்கூட ஒன்றோடொன்று கலந்துபோகும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பெரிய லென்ஸ் வாங்கி, அதன் பலனைக் காற்றுக்குத் தாரை வார்ப்பது போலத்தான்.

அப்போ கொடைக்கானலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இதற்குப் பதில் ஒரு பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி சூடுபிடித்தது. சூரியனை முறையாகக் கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏற்கெனவே ஒரு வானாய்வகம் இருந்தது. ஆனால் கடற்கரை ஊரின் புழுக்கமும் தூசியும் அதற்குச் சரிவரவில்லை. 1883 முதல் 1885 வரை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானம் எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்தார். கடைசியில் கொடைக்கானல் தேர்வானது. 1895-ல் அடிக்கல், 1899 ஏப்ரல் 1 முதல் ஆய்வகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம்.

தேர்வு வீண் போகவில்லை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் அது 'எவர்ஷெட் விளைவு'தான். 1900-களின் தொடக்கத்திலிருந்து இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள், ஒரே இடத்தில் சேர்ந்த மிக நீண்ட சூரியப் பதிவுகளில் ஒன்று.

மலை உச்சியில் இருப்பதால் வளிமண்டலத்தின் ஒரு பெரிய பகுதி கீழேயே நின்றுவிடும். அது லாபம். ஆனால் சூரிய ஆய்வுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நட்சத்திரத்தைப் பார்ப்பவர்கள் தரை குளிர்ந்த பிறகு வேலையைத் தொடங்குவார்கள். சூரியனைப் பார்ப்பவர்கள், அதே சூரியன் தரையைச் சுடவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வேலை பார்க்க வேண்டும். தரை சூடாகிறது. அதைத் தொட்ட காற்று சூடாகி மேலே எழுகிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. பகலில் படத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு இந்தத் தரையொட்டிய அடுக்குக்குத்தான். காலையில் சூரியன் எழுந்த முதல் ஓரிரு மணி நேரம் ஏன் பொன்னான நேரம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

1950-களின் கடைசியில் நிறுவப்பட்ட டவர் தொலைநோக்கியின் வடிவமே இந்தச் சிக்கலுக்கான பதில்தான். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே அனுப்புகின்றன. அங்கிருந்து ஒளி, 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் போகிறது. கோபுரம் எதற்கு? தரையை ஒட்டிய சூட்டுக் காற்றுக்கு மேலே போவதற்கு. சுரங்கம் எதற்கு? வெப்பநிலை சீராக இருப்பதற்கு.

ஆனால் 11 மீட்டர் போதுமா? 20 மீட்டர் கோபுரம் கட்டியிருந்தால் படம் எவ்வளவு தெளிவாகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

இதுவரை எப்படி அளந்தார்கள்?

வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம்.

- கம்பம்: உயரமான கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் வெப்பமானி, காற்றுமானிகளைக் கட்டுவது. நாள் முழுக்க அளக்கும். ஆனால் கம்பம் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். நட்ட இடத்தை விட்டு நகராது.
- பலூன்: நுண்ணிய வெப்ப உணரிகளைக் கட்டி மேலே விடுவது. 20 கிலோமீட்டருக்கு மேலும் போகும். ஆனால் தரையொட்டிய நூறு மீட்டரைச் சில பத்து நொடிகளில் கடந்துவிடும். காற்றடித்தால் மலையை விட்டே போய்விடும். பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.
- ஒலி ரேடார்: 'சோடார்' என்று பெயர். ஒலியை மேலே அனுப்பி, கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்பது. தரைக்கு மிக அருகில் உள்ள அடுக்கில் இதற்குப் பார்வைக் குறைவு.
- ஒளியே கருவி: சூரிய விளிம்பு இரண்டு சின்னத் துளைகள் வழியாகத் தனித்தனியாக எவ்வளவு ஆடுகிறது என்று ஒப்பிடுவது. மொத்தக் கொந்தளிப்பையும் நம்பகமாகச் சொல்லும். அதில் எந்த உயரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

லடாக்கில் திட்டமிடப்பட்டுள்ள 2 மீட்டர் தேசியப் பெரிய சூரியத் தொலைநோக்கிக்கு இடம் தேடியபோது, ஹான்லே, மேராக், உத்தராகண்டின் தேவஸ்தல் ஆகிய மூன்று இடங்களிலும் இந்தக் கடைசி வகைக் கருவிகள்தான் வைக்கப்பட்டன. அதில் பாங்காங் ஏரிக் கரையில் இருக்கும் மேராக் முன்னிலைக்கு வந்தது. தண்ணீர் தரையைப் போலச் சீக்கிரம் சூடாகாது, அதனால் ஏரிப் பக்கம் பகல் காற்று அமைதியாக இருக்கும். உதய்பூர் சூரிய ஆய்வகம் ஃபதே சாகர் ஏரியின் நடுவில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் ஐஐஏ என்கிற இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும், டவர் தொலைநோக்கியைப் பயன்படுத்தியே பகல் நேரக் கொந்தளிப்பு எந்த உயரத்தில் எவ்வளவு என்று அளந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நோக்கம், 'அடாப்டிவ் ஆப்டிக்ஸ்'.

அது என்ன? படம் எப்படிக் கலங்குகிறது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளந்து, அதற்கு நேர் எதிராக நெளியும் ஒரு கண்ணாடியை வைத்துப் படத்தைச் சரிசெய்யும் தொழில்நுட்பம். போனில் வீடியோ எடுக்கும்போது கை நடுக்கத்தைச் சரிசெய்யும் 'ஸ்டெபிலைசர்' மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல மடங்கு சிக்கலானது. ஒரே ஒரு கண்ணாடி என்றால் படத்தின் ஒரு சின்னப் பகுதி மட்டும் தெளிவாகும். பெரிய பகுதி தெளிவாக வேண்டுமென்றால் பல கண்ணாடிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உயரத்தில் உள்ள கொந்தளிப்புக்குப் பொருத்த வேண்டும். எந்த உயரம் என்று தெரியாமல் எப்படிப் பொருத்துவது? இங்கேதான் அளவீடு அவசியமாகிறது.

ட்ரோன் என்ன செய்யும்?

அடிப்படை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ட்ரோனில் இரண்டு நுண்கம்பி வெப்பமானிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில், உதாரணத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி, பொருத்த வேண்டும். இரண்டும் காட்டும் வெப்பநிலைக்கு இடையே உள்ள வித்தியாசத்தை நொடிக்குப் பல தடவை பதிவு செய்ய வேண்டும். அந்த வித்தியாசத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்து, அந்த உயரத்தின் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒளியியல் கொந்தளிப்பின் வலிமை கிடைத்துவிடும். ரஷ்ய விஞ்ஞானி கோல்மகோரோவ் 1941-ல் முன்வைத்த கொந்தளிப்புக் கோட்பாடுதான் இந்தக் கணக்குக்கு அடித்தளம்.

வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். வெப்ப வித்தியாசம் இரண்டு மடங்கானால் கொந்தளிப்பின் வலிமை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அதனால் வெப்பமானி மிகத் துல்லியமாக இருக்க வேண்டும், மிக வேகமாகவும் இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி அளவைக் காட்ட நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இதற்குத் தேவை தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லிய கம்பி. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் அது சில மில்லி செகண்டில் பக்கத்துக் காற்றின் சூட்டுக்கு மாறும்.

இது வெறும் யோசனை இல்லை. ஜப்பானின் ஷிகாராகியில், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்டமான 'எம்.யூ' ரேடார் அருகே, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டேட்டாஹாக்' என்ற குட்டி ஆளில்லா விமானங்கள் 2015 முதல் பறக்கவிடப்பட்டன. ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. நுண்கம்பி உணரிகளோடு சில கிலோமீட்டர் உயரம் வரை போய், காற்றுக் கொந்தளிப்பை நேரடியாகத் தொட்டு அளந்தன. ரேடார் கீழிருந்து சொன்னதோடு அது ஒப்பிடப்பட்டது.

தன் விசிறியே தனக்கு எதிரி

நாம் கல்யாண வீடுகளில் பார்க்கும் நான்கு விசிறி ட்ரோனை அப்படியே பயன்படுத்த முடியாதா? முடியும். ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ட்ரோன் பறப்பதே காற்றைக் கலக்கித்தான். எதை அளக்கப் போகிறோமோ, அதையே அது கெடுத்துவிடும். பூனையின் தூக்கத்தை மேளம் அடித்துக்கொண்டே போய்ப் பார்க்கிற மாதிரி.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. விசிறிகள் காற்றை மேலிருந்து இழுத்துக் கீழே தள்ளுகின்றன. அதனால் உணரிகளைக் கீழே தொங்கவிடாமல், நீளமான தண்டில் மேலேயோ, காற்று வரும் திசையில் முன்னாலேயோ நீட்டிவைக்கலாம். அல்லது டேட்டாஹாக் போல இறக்கை வைத்த விமானத்தைப் பயன்படுத்தலாம். அது முன்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பதால் எப்போதும் புதுக் காற்றையே தொடும். ஆனால் அதனால் ஓர் இடத்தில் நிற்க முடியாது.

இரண்டாவது சிக்கல் நேரம். கொந்தளிப்பு தற்செயலான விஷயம் என்பதால் ஒவ்வோர் உயரத்திலும் சில நிமிடங்கள் நின்றால்தான் சராசரி நம்பகமாக இருக்கும். ஆறு உயரங்கள் என்றால், ஏறி இறங்குவதையும் சேர்த்து ஒரு பேட்டரி முழுக்கக் காலி. அதற்குள் வெயில் ஏறி, நிலவரமே மாறியிருக்கலாம். ஐந்தாவது மீட்டரில் ஏழு மணிக்கு எடுத்த அளவையும், நூறாவது மீட்டரில் ஏழரை மணிக்கு எடுத்த அளவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனவே தரையிலோ கோபுரத்திலோ நிலையாக ஒரு உணரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரோனின் அளவை அதோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ட்ரோனை மட்டும் நம்பி எதுவும் நடக்காது.

கொடைக்கானலுக்கு என்ன லாபம்?

மூன்று கேள்விகளுக்கு நேரடியான பதில் கிடைக்கும்.

முதலாவது, உயரம். தரையிலிருந்து 5, 11, 20, 40, 80, 120 மீட்டர்களில் அளந்தால், டவர் தொலைநோக்கியின் கண்ணாடி இருக்கும் உயரத்துக்கு மேலே இன்னும் எவ்வளவு கொந்தளிப்பு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். இனி ஏதாவது கருவி நிறுவினால் எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கு அது அடிப்படையாகும்.

இரண்டாவது, இடம். கம்பத்தால் முடியாததும் ட்ரோனால் முடிவதும் இதுதான். மரங்களுக்கு மேலே, புல்வெளிக்கு மேலே, கான்கிரீட் மொட்டை மாடிக்கு மேலே, தார்ச்சாலைக்கு மேலே என்று நகர்ந்து நகர்ந்து அளக்கலாம். எந்தப் பரப்பிலிருந்து எழும் சூடு தொலைநோக்கியின் பார்வையைக் கெடுக்கிறது என்று வரைபடமே போடலாம்.

மூன்றாவது, நேரம். பனிக்காலக் காலையும் மே மாதக் காலையும் ஒன்றில்லை. ஒரே பாதையில் மாதாமாதம் பறந்தால், நல்ல நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை ஆண்டு முழுவதற்கும் சொல்லலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சில கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அடுக்குகளை 120 மீட்டரில் பறக்கும் ட்ரோன் தொடாது. அதற்குத் தொலைநோக்கி வழி அளவீடுதான் சரி. மொத்தக் கொந்தளிப்பைத் தொலைநோக்கி சொல்லும், கீழடுக்கின் பங்கை ட்ரோன் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மேலடுக்கின் கணக்கு வந்துவிடும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி தேவையில்லை. ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சில கூடுதல் விலக்குகளும் உண்டு. மேலே சொன்ன 120 மீட்டர் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

கொடைக்கானலில் அதோடு முடிந்துவிடாது. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இந்த மலையின் ஒரு பகுதியை உள்ளடக்கியது. காட்டுப் பக்கம் பறக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊருக்குள்ளேயே காட்டெருமைகள் உலவும் இடம் இது. காலை ஆறரை மணிக்குத் தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டால் அவை மிரளலாம்.

(சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு: ஆய்வுக்கான விலக்கு உங்கள் ரீல்ஸுக்குப் பொருந்தாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் உள்ளூர் விதிகளையும் பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும்.)

பிறகு பனிமூட்டம். நுண்கம்பியில் ஒரு துளி ஈரம் ஒட்டினாலும் அளவு தப்பாகிவிடும். கொடைக்கானலில் ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்?

அதான் ஆதித்யா இருக்கே, இன்னும் எதுக்கு இதெல்லாம்?

நியாயமான கேள்வி. 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து சூரியனைப் பார்க்கிறது. அங்கே காற்றே இல்லை, கொந்தளிப்பும் இல்லை. அதன் முக்கியக் கருவியான 'வெல்க்'-ஐ உருவாக்கியதும் இதே ஐஐஏ-தான்.

ஆனால் விண்வெளிக்குப் பெரிய தொலைநோக்கியை அனுப்புவது சுலபம் இல்லை. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் உள்ள இனோயே சூரியத் தொலைநோக்கியின் கண்ணாடி 4 மீட்டர். 2020-ல் அது வெளியிட்ட முதல் படங்களில் 30 கிலோமீட்டர் அளவுள்ள அமைப்புகள்கூடத் தெரிந்தன. அது தரையில் இருந்தபடியே, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் உதவியோடு செய்தது. தரையில் இருப்பதைப் பழுது பார்க்கலாம், புதுக் கருவியை மாட்டலாம். செயற்கைக்கோளுக்கு ஆயுள் முடிந்தால் முடிந்ததுதான். நூறு வருஷம் தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து பார்க்கும் பதிவு, தரையில் மட்டும்தான் சாத்தியம்.

சூரியனைக் கூர்ந்து பார்ப்பது வெறும் ஆர்வம் இல்லை என்பதற்கு 2024 மே மாதம் ஒரு நினைவூட்டல். மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய சூரியப் புயல், இருபது ஆண்டுகளில் மிக வலுவானது. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. இப்படிப்பட்ட புயல்கள் ஜி.பி.எஸ், செயற்கைக்கோள்கள், மின்தொகுப்புகள் என்று எல்லாவற்றையும் தொந்தரவு செய்யும். அந்தப் புயல்களின் வேர், சூரியப் புள்ளிகளின் காந்தப்புலத்தில் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்களில் இருக்கிறது. அவற்றைப் பார்க்கத்தான் இவ்வளவு தெளிவு தேவை.

உங்கள் இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு

கேபிள் போட முடியாத இடங்களுக்கு லேசர் கற்றை மூலம் இன்டர்நெட் கொடுக்கும் 'தாரா' தொழில்நுட்பத்தை இந்தியாவில் கொண்டுவர ஏர்டெல் கைகோத்திருப்பதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில் ஐஐடி டெல்லியும் டிஆர்டிஓ-வும், ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளியில் ஒளித்துகள்கள் மூலம் குவாண்டம் பாதுகாப்புத் தகவல் தொடர்பைச் செய்து காட்டின.

இவை எல்லாவற்றிலும் ஒளி போவது, ட்ரோன் அளக்கக்கூடிய அதே தரையொட்டிய காற்று அடுக்கில்தான். தொலைநோக்கிக்குப் படம் மங்கும், லேசருக்குச் சிக்னல் விட்டு விட்டு வரும். மலைக் கிராமங்களுக்கு லேசர் இணைப்பு கொடுப்பதாக இருந்தால், எந்த மேட்டிலிருந்து எந்த மேட்டுக்கு, எவ்வளவு உயரத்தில் கருவி வைப்பது என்று தீர்மானிக்க இதே அளவீடு உதவும்.

இனி என்ன?

கொடைக்கானலில் நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும், எத்தனை கட்டடங்களைத் தாங்கும் என்ற விவாதம் அதிலிருந்து ஓயவில்லை. அந்த விவாதத்தில் தண்ணீர், குப்பை, நிலச்சரிவு எல்லாம் பேசப்படுகின்றன. சூரிய ஆய்வகத்தின் பார்வை பேசப்படுவதில்லை.

மரமும் புல்லும் இருக்கும் நிலம் வெயிலில் ஒரு பங்கை நீராவியாக்கச் செலவிடும். கான்கிரீட்டும் தகரமும் அப்படியே சுட்டு, காற்றையும் சுடவைக்கும். ஆய்வகத்தைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு நிலம் பசுமையாக இருந்தால் காலை வானம் அமைதியாக இருக்கும்? 300 மீட்டரா, ஒரு கிலோமீட்டரா? கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் இந்தக் கேள்வி வர வேண்டுமென்றால், 'பாதிக்கும்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. இந்த மாடியிலிருந்து எழும் சூடு, இந்த உயரத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு என்று எண்ணைக் காட்ட வேண்டும்.

மிக்கி ஸ்மித் காலத்தில் மலை ஏறி, மாதக்கணக்கில் தங்கி, தொலைநோக்கியில் கண் வைத்துத்தான் வானத்தின் தரத்தைச் சொல்ல முடிந்தது. இன்று இரண்டு மெல்லிய கம்பிகளும் ஒரு ட்ரோனும் ஒரு காலை நேரத்தில் அதன் ஒரு பகுதியைச் சொல்லிவிடும். சுற்றுலாப் பயணிகள் டிபனுக்கு உட்காருவதற்கு முன்பே.